ஒரே துணியில் இரண்டு பெயர்

ஏப்ரல் 6, சனி

இவர் வேலைக்குப் போன பிறகு சேந்தனின் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். நீலக் கட்டம் போட்ட சேட்டை எடுத்தேன். நான்தான் தோய்த்து மடித்து வைத்தது. முகர்ந்து பார்த்தால் சவர்க்கார வாசம் மட்டும்தான் வந்தது. எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஏன் தோய்த்தேன்?

சேட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து நூலகத்துக்குப் போனேன். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே பின்பக்க அறையில் தையல் கூட்டம் நடக்கிறது. சுகிர்தா என்ற பிள்ளை நடத்துகிறாள். தாதி. அவளுடைய தம்பியும் சேந்தனைப் போலத்தான், ஒரு மாத்திரையால் போனவன். நஞ்சு கலந்த குளிசை. இந்த ஸ்காபரோவில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது என்று அந்த அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. தமிழர், பிலிப்பினோக்காரர், வெள்ளைக்காரர், எல்லாரும் இருந்தார்கள். இறந்துபோனவருடைய உடுப்பிலிருந்து வெட்டி ஆளுக்கொரு சதுரம் தைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பொருத்தி ஒரே பெரிய துணியாக்கி, ஓகஸ்ட் கடைசியில் ஒரு மண்டபத்தில் தொங்கவிடுவார்களாம்.

சுற்றிவர இருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். என் முறை வந்தபோது, "தவமலர். மகன் சேந்தன்" என்று மட்டும் சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

"மிச்சம் விரும்பினாச் சொல்லலாம் அன்ரி, கட்டாயமில்லை" என்றாள் சுகிர்தா.

ஊரில் உள்ளவர்கள், கோயில் ஆட்கள், என் சொந்தத் தங்கை, எல்லாரிடமும் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம். இந்த அறையில் மட்டும் அதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு எதிரே இருந்த ஒரு மன்னார்க்காரி கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார். கன நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் தன் கதிரையைத் தூக்கி எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் கூட என்று வந்திருப்பார். பெயர் ஜெசிந்தா. என்னைவிட நாலைந்து வயது மூப்பாக இருக்கும். மகள் ஷெரினுக்காகத் தைக்கிறார்.

கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவர் கேட்காமலே வாங்கிக் கோத்துத் தந்தார். 

வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் வைத்தேன். எங்கே போனீர் என்று இவர் கேட்டார். சாமான் வாங்க என்றேன். பையில் சாமான் இல்லாததை அவர் கவனிக்கவில்லை.


ஏப்ரல் 7, ஞாயிறு

மழை. இவர் விடிந்ததிலிருந்து ரீவி பார்க்கிறார். எதைப் பார்க்கிறார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.


ஏப்ரல் 13, சனி

வருடப்பிறப்பு. முதல் வருட ஆட்டத்திவசம் முடியாத வீடு, கொண்டாட்டம் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

என்ன தைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. பூவும் இதயமும் வேண்டாம். ஜெசிந்தா அக்காவிடம், "நீங்கள் என்ன போடப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"கழுதை."

நான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று நிமிர்ந்தேன்.

"கழுதைதான் தவம். பத்து வயசில பிள்ளையை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ரவுணுக்குள்ள கழுதையள் திரியுமெல்லே, அதுகளைக் கண்டிட்டு ஆள் திரும்பி வரமாட்டன் எண்டிட்டாள். அண்ணை வீட்டுப் பாண் முழுக்கக் கழுதைக்குத்தான் போனது. பெரிய பிள்ளையான பிறகும் போனில கழுதைப் படம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். நவம்பருக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சேந்தனுக்கு என்ன விருப்பம்?" என்று அவர் கேட்டார்.

கரம் விளையாட்டு என்றேன். சின்ன வயதிலிருந்தே தகப்பனும் மகனும் கரம்பலகையைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். அவன் வளர்ந்தான், இவர் தோற்றார். ஜெசிந்தா அக்கா துணியைத் தொட்டு, "இதுவும் சதுரம்தானே. பலகையைத் தையுங்கோவன்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு அவனைப் பற்றி நிறையக் கேட்டார். எப்படிப்பட்ட பிள்ளை, கோபக்காரனா, ஆட்களோடு எப்படிப் பழகுவான் என்றெல்லாம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எப்படி நடந்தது என்றுதான் கேட்டார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாய் ஓயாமல் சொன்னேன்.

"ஆருக்கும் ஒண்டெண்டா ஓடிப்போய் நிப்பான் அக்கா. தன்னட்டை இருக்கிறதைக் குடுத்திட்டு வந்திடுவான். இரக்கம் கூடிப்போச்சு அவனுக்கு."

ஜெசிந்தா அக்கா ஊசியால் விரலைக் குத்திக்கொண்டார். நல்ல இரத்தம். சுகிர்தா பிளாஸ்டர் கொண்டுவந்தாள்.


ஏப்ரல் 27, சனி

பலகையின் நாலு ஓரமும் முடிந்தது. அவனுடைய பழைய பழுப்பு நிறக் காற்சட்டைத் துணி நல்ல தடிப்பு, மரம் போலவே இருக்கிறது.

இன்றைக்குச் சுகிர்தாவின் தம்பியைப் பற்றிக் கேட்டோம். அவன் எங்கேயோ ஒரு விருந்தில் எடுத்தவனாம். சேந்தன் அப்படியில்லை. வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கி முதுகு பிடித்துவிட்டது. டொக்டர் குளிசை கொடுத்தார், பிறகு கொடுக்கமாட்டேன் என்று நிறுத்தினார். நோ நிற்கவில்லை. யாரிடமோ வாங்கினான். அச்சு அசல் கடைக் குளிசை போலவே இருந்தது, நானே கண்டிருக்கிறேன். முதுகு நோவுக்குத்தான் போட்டவன். வேறொன்றுக்கும் இல்லை.


மே 12, ஞாயிறு

அன்னையர் தினமாம். பேக்கரியில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரு ரோசாப்பூ. என்னிடம் வந்ததும் மேற்பார்வையாளர் தருவதா விடுவதா என்று தடுமாறினார். நானே எடுத்துக்கொண்டேன்.


மே 18, சனி

இவருக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் துணியையும் நூலையும் விட்டுவிட்டுக் கறிக்கு வெங்காயம் வெட்டப் போய்விட்டேன்.

"என்ன இது?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"இஞ்சரும், ஊரெல்லாம் மாரடைப்பெண்டு சொல்லிப்போட்டு, இப்ப பேரை எழுதி மண்டபத்தில தொங்கவிடப் போறீரோ?"

"ஓம்."

"தமிழ்ச் சனமும் வரும்."

"வரட்டும். அவன் என்ன களவெடுத்தவனோ?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உமக்கு ஒண்டும் தெரியாது. தெரியாமலே இரும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

எனக்கு என்ன தெரியாது? கேட்கவில்லை. பொலிஸ் வந்த அன்றைக்கு இவர்தான் வாசலில் நின்று ஆங்கிலத்தில் கதைத்தவர். நான் மாடிப்படியில் இருந்தேன். நெடுநேரம் கதைத்தார்கள். உள்ளே வந்து இவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்: குளிசையில் நஞ்சு கலந்திருந்ததாம்.

கறி அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.


ஜூன் 1, சனி

கறுத்தக் காய்களுக்கு அவனுடைய கறுத்தச் சேட்டைக் கொண்டுபோனேன். வட்டம் வட்டமாக வெட்டும்போது ஜெசிந்தா அக்கா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது கடைசியா நான் இஸ்திரி போட்டுக் குடுத்த சேட் அக்கா" என்றேன். "வேலையில ஆரோ ஒரு பிள்ளை செத்திட்டுதெண்டு உடலைப் பார்வைக்கு வைச்ச இடத்துக்குப் போனவன். திரும்பி வந்து ஒண்டும் சாப்பிடேல்லை. சேட்டும் கழட்டாமல் குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டிட்டுக் கீழ இருந்தான். அம்மா எண்டு கூப்பிட்டான். என்னடா எண்டு கேட்டன். ஒண்டுமில்லை எண்டிட்டான். முதுகு நோ கூடிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

அவர் எழும்பினார். துணி, பை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். ஜன்னலால் பார்த்தேன். கார்த் தரிப்பிடத்தில் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அது அவருடைய காரும் இல்லை.

அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சாப்பிடாமல் வந்திருப்பார்.


ஜூன் 8, சனி

ஜெசிந்தா அக்கா வரவில்லை. அவருடைய சதுரத்தைச் சுகிர்தா என்னிடம் தந்து, "நீங்கள்தானே பக்கத்தில இருக்கிறனீங்கள் அன்ரி, வைச்சிருந்து குடுங்கோ" என்றாள்.

கழுதை அரைவாசியில் நிற்கிறது. நாலு காலும் வயிறும் வந்துவிட்டது, தலை இல்லை. கீழே ஷெரினின் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் தைத்திருந்தார். நவம்பர். சேந்தனுக்கு ஏழு நாள் முந்தி.

நவம்பரில் நிறையப் பேர் போயிருக்கிறார்கள் போல.

ஷெரின் எங்கே வேலை செய்தாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.


ஜூன் 15, சனி

போகவில்லை. தலையிடி.


ஜூன் 22, சனி

நூலக வாசலில் ஜெசிந்தா அக்கா நின்றார். உள்ளே போக விடவில்லை. "என்ர காருக்குள்ள இருப்பம் தவம்" என்றார். ஏறினேன். என் பக்கக் கதவைச் சாத்தப் போனேன்.

"கதவு திறந்தே இருக்கட்டும். எழும்பிப் போகோணுமெண்டா நீங்கள் போகலாம்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இருந்தேன்.

"ஷெரினும் சேந்தனும் ஒரே வெயார்ஹவுஸ்" என்றார். "அவளுக்குக் கடவாய்ப்பல் நோ. பல்லு டொக்டரிட்ட அடுத்த மாசம்தான் இடம் கிடைச்சது. அண்டைக்கு வேலையில நோ தாங்கேலாமல் அழுதுகொண்டு நிண்டிருக்கிறாள். சேந்தன் தன்னட்டை இருந்த குளிசையில ஒண்டைக் குடுத்திருக்கிறான். வீட்டை வந்து என்னட்டைச் சொன்னவள், 'அம்மா, ஒரு நல்ல பெடியன் குளிசை தந்தவன், போட்டிட்டுப் படுக்கப்போறன்' எண்டு. நானும் சரி படு எண்டன். போர்த்தும் விட்டன்."

நான் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார்வைக்கு வந்தவன். அந்தக் கறுத்தச் சேட்தான். பெட்டிக்கு முன்னால நிண்டு அழுதுகொண்டிருந்தான். ஆர் தம்பி நீர் எண்டு கேட்டன். 'அன்ரி, நான்தான் குடுத்தனான். எனக்குத் தெரியாது அன்ரி. நல்ல குளிசை எண்டுதான் நினைச்சனான்' எண்டான். எல்லாச் சனத்துக்கும் முன்னால அவன்ர நெஞ்சில கையை வைச்சுத் தள்ளினன் தவம்."

பிறகு அவர் நிறுத்தினார். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம்.

"மிச்சத்தை நீ போடு எண்டு சொன்னனான்."

எங்களுக்கு முன்னால் ஒரு தாய் தன் குழந்தையைக் காரிலிருந்து இறக்கிச் சப்பாத்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த நாள் அவன் போயிட்டான் எண்டு பொலிஸ் சொன்னது. முதல் நாள் அந்தத் தையல் அறையில நீங்கள் அவன்ர பேரைச் சொல்லிப் படத்தைக் காட்டேக்க, எழும்பி ஓடத்தான் பாத்தன். ஏலாமல் திரும்பி வந்தன். உங்களுக்குப் பக்கத்தில இருந்தா அவன் எப்பிடிப்பட்ட பிள்ளை எண்டாவது தெரியவரும் எண்டு நினைச்சன். கெட்ட பிள்ளையா இருந்தா எனக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.  இறங்கிப் போய் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது எதிர்த்திசையில் போகிற பஸ் என்று கடைசித் தரிப்பிடத்தில்தான் தெரிந்தது.

முதுகு நோவுக்குத்தான் போட்டவன்.


ஜூன் 23, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். குளிரூட்டியைத் துடைத்தேன்.


ஜூன் 29, சனி

போகவில்லை.


ஜூலை 7, ஞாயிறு

வேலையில் பாண் வெட்டுகிற மெசினுக்கு முன்னால் நின்றுகொண்டு அவளைத் திட்டினேன். அக்கா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. ஒரு பிள்ளை வந்து அழுதுகொண்டு உண்மையைச் சொல்கிறான், அவனிடம் சொல்கிற வார்த்தையா அது? அவனுக்கு இருபத்தாறு வயது. அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். போய் நின்றான்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

பிறகு வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் சேந்தன் கிடக்க, குளிசை கொடுத்தவன் வந்து என் முன்னால் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். நான் என்ன சொல்லியிருப்பேன்? அதைத்தான். அதைவிட மோசமாகவும் சொல்லியிருப்பேன். அவனைப் போக விட்டிருக்கவும் மாட்டேன்.

இதை நினைத்த பிறகு திட்டவும் முடியவில்லை. திட்டிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் பலமாவது இருந்தது.


ஜூலை 20, சனி

கரம்பலகையைப் பிரித்தேன். ஓரம், காய்கள், நாலு மூலைக் குழிகள், எல்லாவற்றையும். தைத்தது மாதக்கணக்கு, பிரித்தது ஒரு பின்னேரம். இன்னொருத்தியின் பிள்ளை போவதற்குக் காரணமானவனுடைய பெயரை நான் எந்த முகத்தோடு கொண்டுபோய்த் தொங்கவிடுவது?

பிரித்த துண்டுகளை எறிய மனம் வரவில்லை. கழுதை இருந்த பைக்குள்ளேயே வைத்தேன். பிறகு அது சரியில்லை என்று தோன்றி வேறு பைக்கு மாற்றினேன்.


ஓகஸ்ட் 3, சனி

சுகிர்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்லவேளை, இவர் கடைக்குப் போயிருந்தார்.

"துணி பொருத்தத் தொடங்கியாச்சு அன்ரி. உங்கட சதுரமும் ஜெசிந்தா அன்ரியின்ரயும்தான் வரேல்லை. இடம் விட்டு வைச்சிருக்கிறன்."

"வெறும் துணி வைச்சுத் தையுங்கோ பிள்ளை."

"ஏலாது அன்ரி." தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் இடையில என்னவோ நடந்திருக்கு, நான் கேக்கேல்லை. ஆனா எங்கட தம்பிக்கும் குளிசை ஆரோ குடுத்ததுதான். என்ர தம்பியும் ஆருக்குக் குடுத்தானோ தெரியாது. அப்பிடிப் பாத்தா அந்தத் துணியில ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்."

அவள் போன பிறகு கோப்பையைக் கழுவினேன். ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.


ஓகஸ்ட் 10, சனி

ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். கழுதையைக் கொடுக்க வேண்டும், அது அவருடைய பொருள். அதைத்தான் பஸ்ஸில் போகும்போது எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

உயரமான கட்டிடம். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்துபோயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. புருஷன் மன்னாரிலேயே செத்துப்போனவராம். இந்த நாட்டில் அவரும் ஷெரினும் மட்டும்தான். மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் படம் இருந்தது. முன்பல்லில் சின்ன இடைவெளியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் முதல் தடவையாக அவளைப் பார்த்தேன். இத்தனை சனிக்கிழமைகளில் ஒருநாளும் ஜெசிந்தா அக்கா எனக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"குடுத்தது என்ர பிள்ளைதான். அதைச் சொல்லாமல் உங்களோட கோவிக்க எனக்கு உரிமையில்லை."

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "நான் சொன்னதாலதானோ அவன் போட்டவன்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"இல்லையெண்டு சொல்லுங்கோ தவம்."

"சொல்ல ஏலாது."

வெளியே எங்கேயோ லிப்ட் வந்து நின்று கதவு திறந்து சாத்தியது.

"உங்களால சேந்தனை மன்னிக்க ஏலுமோ?" என்று நான் கேட்டேன்.

"ஏலாது" என்றார் உடனே. பிறகு, "ஆனா அவன்ர நினைவு வராத நாளுமில்லை. ஷெரினுக்கு மெழுகுதிரி கொளுத்தேக்க அவனுக்கும் ஒண்டு கொளுத்திப்போடுவன். ஏனெண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

"அப்ப சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணீர் போட்டார். சீனியில்லாத தேத்தண்ணீர். இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.

கழுதையை எடுத்துக் கொடுத்தேன். தலையில்லாத கழுதையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"சேந்தன்ர எங்க?"

"பிரிச்சிட்டன்."

"ஏன்?"

நான் அவருடைய மடியில் இருந்த கழுதையைப் பார்த்தேன்.

"திருப்பித் தையுங்கோ" என்றார். குரல் கொஞ்சம் உறுதியாக இருந்தது. "அவன் அங்க இல்லாட்டி நானும் இதைக் கொண்டுவரமாட்டன். என்ர பிள்ளை சாகேக்க கடைசியா நல்லவன் எண்டு சொன்னது அவனைத்தான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நவம்பரில் வந்தது வேறு அழுகை.

கதவடியில் நின்று சப்பாத்துப் போடும்போது கேட்டேன், பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வதா என்று. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருந்து தைத்தோம்.

ஜெசிந்தா அக்கா கையிலிருந்த கழுதையை இன்னொரு தரம் பார்த்தார்.

"பக்கத்தில வேண்டாம் தவம். பாக்க ஏலாது. ஒரே துணியில இருந்தாக் காணும்."


ஓகஸ்ட் 18, ஞாயிறு

திரும்பவும் தைக்கிறேன். முதல் தைத்த அளவு நேர்த்தியில்லை. பழைய ஊசித் துளைகள் தெரிகின்றன, அவற்றுக்குள்ளேயே ஊசி போகப் பார்க்கிறது. இவர் பார்த்தார்.  ரீவிச் சத்தத்தைக் குறைத்தார்.


ஓகஸ்ட் 24, சனி

சுகிர்தாவிடம் கொடுத்தாயிற்று. ஜெசிந்தா அக்காவுடையதும் வந்துவிட்டதாம். எது எங்கே என்று சொன்னேன். சேந்தன் இடது பக்கம் கீழே. ஷெரின் வலது பக்கம் மேலே. ஏன் என்று அவள் கேட்கவில்லை.


ஓகஸ்ட் 31, சனி

காலையில் இவரிடம், "வாறீங்களோ?" என்றேன். இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. தனியே போனேன்.

துணி சுவர் முழுவதையும் மறைத்துத் தொங்கியது. தனித்தனியாகத் தைக்கும்போது இவ்வளவு இருக்குமென்று தெரியவில்லை. குழந்தைச் சட்டைத் துணி ஒன்றும் இருந்தது. ஒரு தகப்பன் போய்விட்டாராம், தைத்தது அவருடைய நாலு வயது மகளின் பெயரால், அவளுடைய சட்டைத் துணியில். மண்டபம் நிறையச் சனம், ஆனால் சத்தமில்லை. எல்லாரும் மேலே கீழே பார்த்துத் தங்கள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் சேந்தனுக்குப் பக்கத்தில் நின்றேன். கோயிலில் காண்கிற ஒரு பெண், சரஸ்வதி அக்கா, புருஷனோடு வந்தவர், என்னைக் கண்டு திகைத்துப்போய் நின்றார். பெயரை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"தவம், மாரடைப்பெண்டெல்லோ சொன்னவை?"

"இல்லை அக்கா. குளிசை. நஞ்சு கலந்த குளிசை."

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு புருஷனோடு போனார். நாளைக்கு எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும்.

மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் ஜெசிந்தா அக்கா கழுதைக்குக் கீழே நின்றார். கறுப்புச் சீலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிட்டப் போகவில்லை.

சனம் குறையத் தொடங்கிய நேரம் இவர் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பாதி வழியில் மழையில் நனைந்து வந்திருந்தார். வாசலில் நின்று துணியை ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை பார்த்தார். நான் கையைக் காட்டினேன். இவர் என்னிடம் வந்தார். கரம்பலகையைப் பார்த்தார். நடுவில் இருந்த சிவப்புக் காயை ஒற்றை விரலால் தொட்டார். தொட்டு முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

"அந்தப் பிள்ளையின்ர எது?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. வாசலில் பொலிஸோடு கதைத்துக்கொண்டு நின்ற அந்த நீண்ட நேரம் முழுவதும் எனக்கு இப்போது விளங்கியது. அவ்வளவு நாளும் இவர் அதைத் தனியே வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ரீவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வலது பக்கம் மேல. கழுதை" என்றேன்.

இவர் நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை. கழுதைக்குக் கீழே ஒரு பெண் நிற்பதை இவர் கண்டார். யாரென்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் கண்டவுடன் இவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார். இவர் கோயிலில்கூட அப்படிக் குனிந்து நான் கண்டதில்லை.

"அம்மா, நான் சேந்தன்ர தகப்பன்." சனம் குறைந்த மண்டபத்தில் அது எனக்கும் கேட்டது.

ஜெசிந்தா அக்கா இவரைப் பார்த்தபடியே நின்றார். அவர் திரும்பி வெளியே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு ஒரு அடி தள்ளி நின்று, தன் மகளுக்கு முன்னால் இவருக்கு இடம் விட்டார்.